தொழுகையை விடலாகாது, குடத்தை விட வேண்டும்



கோவில்பட்டியை அடுத்த கரிசல் கிராமம் ஒன்றில் நாம் இமாமத் பணியில் இருந்த காலம். ஒரு நாள் அஸருக்குப் பின் ஓர் இளைஞர் நம்மிடம் வந்து, "ஹஜ்ரத், எங்க அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுத்துப் பன்னிரண்டு நாளாச்சு. நாற்பது நாளைக்குத் தொழுகை இல்லைன்னு வீட்டுப் பெரியவங்க சொல்றாங்க, சரிதானே?" என்று கேட்டார். "சரியல்ல தம்பி. அது பிரசவமல்ல. தொழுகை கடமைதான். குளித்துத் தொழச் சொல்லுங்கள்" என்று விடை கூறிவிட்டு, மக்தபுப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கப் போய்விட்டோம்.

நாம் சொன்ன சட்டம் சரியானதே. ஆனால் பாதிதான் சொன்னோம். அந்தத் தாயார் இறையச்சம் மிக்கவர். மகன் வந்து சொன்னதும் கட்டிலை விட்டு எழுந்தார். தெருக் குழாயில் தாமே குடம் பிடித்துத் தூக்கி வந்து தலையோடு குளித்தார். விடுபட்ட தொழுகைகளையெல்லாம் நின்று, குனிந்து, தரையில் நெற்றி வைத்துக் களாச் செய்யத் தொடங்கினார். இரண்டாம் நாள் இரவில் தையல் பிரிந்து, இரத்தம் கசிந்து, மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். அல்லாஹ்வின் கிருபையால் உயிர் பிழைத்தார். ஆனால் அந்தப் பதினைந்து நாள் வேதனைக்கு நமது பாதிப் பதிலும் ஒரு காரணம் என்பதை நாம் மறக்கவில்லை.

ஹதீஸ் பாடத்தில் நாம் ஓதிய நிகழ்ச்சி அப்போதுதான் நம் நெஞ்சில் தைத்தது. ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்க, அபூதாவூதில் இடம் பெற்றுள்ளது அது. பயணத்தில் ஒருவருக்குக் கல் பட்டுத் தலையில் காயம் ஏற்பட்டது. அவருக்குக் குளிப்பும் கடமையாயிற்று. தயம்மும் செய்யலாமா என்று தோழர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்றனர். அவர் குளித்தார், மரணமடைந்தார். செய்தி எட்டியபோது நபி (ஸல்) அவர்கள் மிகவும் வருந்தி, அம்மனிதரை அவர்களே கொன்றுவிட்டதாகக் கடிந்து, அறியாமைக்கு மருந்து கேட்டறிவதே என்ற கருத்தை அறிவித்தார்கள்.

ஆகவே இக்கட்டுரையில் மீதிப் பாதியைச் சொல்ல விரும்புகிறோம். நம் வீடுகளில் இரண்டு தவறுகள் சேர்ந்தே நடக்கின்றன. ஆபரேஷன் ஆன பெண், விடக் கூடாத தொழுகையை நாற்பது நாள் விட்டுவிடுகிறாள். விட வேண்டிய தண்ணீர்க் குடத்தைப் பத்தாம் நாளே தூக்கிவிடுகிறாள். அல்லாஹ் இலகுவாக்கியதைக் கடினமாகவும், கடமையாக்கியதை இல்லாததாகவும் ஆக்கிக் கொண்டோம். இரண்டையும் திருத்துவது பெண்ணின் பொறுப்பு மட்டுமன்று, வீட்டாரின் பொறுப்பு.

ஆபரேஷனுக்கு முன்

கர்ப்பப்பை அல்லாஹ் தந்த அமானத். நோயின் காரணமாக, நம்பிக்கைக்குரிய மருத்துவர் அவசியம் என்று கூறினால் அதை எடுப்பதில் குற்றமில்லை. மாதத் தொல்லை ஓய்ந்தால் போதும் என்றோ, வேலைக்கு இடைஞ்சல் என்றோ எடுத்துவிடுவது அமானத்தைப் பாழாக்குவதாகும்.

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டம் நம்மைப் போலவே கரிசல் மண்ணும் மழைக் குறைவும் உள்ள சீமை. அங்கிருந்து கரும்பு வெட்டப் போகும் பெண்களிடையே இந்த ஆபரேஷன் பெருகியிருப்பதாக எழுந்த புகாரின் பேரில் 2019-இல் அரசுக் குழு ஒன்று ஆராய்ந்தது. விசாரிக்கப்பட்ட 82,000-க்கும் அதிகமான பெண்களில் 13,000-க்கும் மேற்பட்டோர் கர்ப்பப்பையை இழந்திருந்தனர். மாதவிலக்கு நாளில் வேலைக்கு வராவிட்டால் கூலி பிடிக்கப்படும் என்ற அச்சமும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், தேவையற்ற கர்ப்பப்பை ஆபரேஷன்களைத் தடுக்க மத்திய அரசு வகுத்த நெறிகளை மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்துமாறு மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. தீப்பெட்டி ஆபீஸுக்கும் களை வெட்டுக்கும் தினக்கூலிக்குப் போகும் பெண்கள் நிறைந்த நம் பகுதிக்கும் இதில் பாடமுண்டு.

எனவே, நாள் குறிக்கும் முன் மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். மாத்திரையாலோ சிறிய சிகிச்சையாலோ குணமாக வழி உண்டா? சினைப்பைகளையும் சேர்த்து எடுக்கப் போகிறீர்களா, அவற்றை விட்டுவைக்கலாமா? வயிற்றைத் திறந்து செய்வதா, துளை வழியாகவோ கீழ் வழியாகவோ செய்ய இயலுமா? புற்றுநோய், அடங்காத இரத்தப்போக்கு போன்ற அவசரமில்லாத பட்சத்தில் இன்னொரு மருத்துவரிடமும் காட்டுவது அவநம்பிக்கையன்று, அமானத்தைப் பேணுவதேயாகும்.

கையொப்பம் யாருடையது?

பல வீடுகளில் பெண்ணுக்கு என்ன செய்யப் போகிறார்கள் என்பது அவளைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. இது முறையன்று. டில்லியில் ஒரு பெண் சோதனைக்காக மயக்க நிலையில் இருந்தபோது, அவருடைய தாயாரின் சம்மதத்தை மட்டும் பெற்றுக் கர்ப்பப்பையும் சினைப்பைகளும் எடுக்கப்பட்டன. அவ்வழக்கில் 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், உயிருக்கு ஆபத்தான அவசரம் இல்லாதபோது, வயது வந்த, சுயநினைவுக்குத் திரும்பக் கூடிய பெண்ணுக்காக வேறொருவர் தந்த சம்மதம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. நம் மார்க்கம் பெண்ணின் சொத்துக்கு அவளையே உரிமையாளி ஆக்கியிருக்கிறது. திருமணத்தில் அவளுடைய சம்மதத்தைக் கேட்கச் சொல்லியிருக்கிறது. அவளுடைய உடம்பைப் பற்றி அவளிடம் கேட்காதிருப்பது எப்படி நியாயமாகும்? கணவர் கலந்து பேசட்டும், ஆறுதல் கூறட்டும். ஆனால் தாளில் உள்ளதை அவளுக்குப் படித்துக் காட்டி, அவள் விளங்கிக் கொண்டபின் அவளே கையொப்பமிடட்டும்.

பெண் மருத்துவரே வேண்டுமா?

பெண் நோயைப் பெண் மருத்துவர் பார்ப்பதே முதல் வழி. தேர்ச்சியுள்ள பெண் மருத்துவர் கிடைக்காதபோது ஆண் மருத்துவர், வேறு பெண்ணோ மஹ்ரமோ உடனிருக்க, தேவையான அளவு பார்க்கவும் தொடவும் அனுமதியுண்டு. மயக்க மருந்து கொடுப்பவர் ஆண் என்பதற்காக ஆபரேஷனைத் தள்ளிப் போடுவது பேணுதலாகாது. ரஸூலுல்லாஹ்வின் காலத்தில் ருபய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) போன்ற பெண் ஸஹாபிகள் போர்க்களத்தில் காயம்பட்ட ஆண்களுக்குத் தண்ணீர் புகட்டிச் சிகிச்சை செய்தனர் என்று புகாரியில் வந்துள்ளது. கி.பி. 1000-ஆம் ஆண்டை ஒட்டி ஸ்பெயினில் வாழ்ந்த அறுவை மருத்துவ மேதை அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, பெண்களுக்குரிய சிகிச்சையை மருத்துவச்சிகளைக் கொண்டு செய்விக்கும் முறைகளைத் தம் நூலில் எழுதி வைத்தார். வெட்கத்தையும் காக்க வேண்டும், உயிரையும் காக்க வேண்டும் என்பதே நம் முன்னோர் காட்டிய வழி.

பை கட்டும்போது

இரத்தப் பரிசோதனைத் தாள், ஸ்கேன், பழைய மருந்துச் சீட்டு, தினமும் சாப்பிடும் மாத்திரைகள் ஆகியவற்றை ஒரே பையில் போட்டுக் கொள்ளுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், ஆஸ்துமா, இரத்தத்தை இளக்கும் மாத்திரை, முன்பு ஏதேனும் மருந்து ஒத்துக்கொள்ளாமற் போனது ஆகியவற்றை மறைக்காமல் சொல்லுங்கள். பல மாத இரத்தப்போக்கால் நம் பெண்கள் இரத்தச் சோகையோடுதான் வருகிறார்கள். இரத்தம் தேவைப்படுமா என்று முன்பே கேட்டு, உறவினர் இருவரை இரத்ததானத்துக்குத் தயார் செய்யுங்கள். ரேஷன் கார்டையும் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையையும் மறக்க வேண்டாம். இத்திட்டத்தின் கட்டணத்தை அரசே செலுத்துகிறது; வசதி குறைந்தோர் அதைப் பயன்படுத்தக் கூச வேண்டியதில்லை.

நகப்பூச்சை அழித்துவிடுங்கள். அது இருந்தால் ஒளுவும் கூடாது. விரலில் மாட்டும் கருவியும் சரியாகக் காட்டாது. மருதாணியால் ஒளுவுக்குத் தடையில்லை என்றாலும், அடர்ந்த சிவப்பும் கருப்பும் அக்கருவியைத் தடுமாறச் செய்யக்கூடும். ஆகவே அந்த வாரம் நகத்தில் இட வேண்டாம். நகைகளைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கருகமணியைக் கழற்றினால் கணவருக்கு ஆகாது என்று அழுபவர்கள் உண்டு. திருமணம் நிற்பது நிகாஹ் ஒப்பந்தத்தில், மணியிலன்று. கழற்றுவதில் எந்தக் கேடும் இல்லை.

ஆபரேஷன் நாளில் எத்தனை மணிக்குப் பின் சாப்பாடும் தண்ணீரும் கூடாது என்று சொல்கிறார்களோ அதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். பொதுவாக உணவை ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். மயக்கத்தில் வயிற்றிலுள்ளது மேலே வந்து மூச்சுக் குழாயில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. இரக்கப்பட்டு ஒரு வாய் காப்பி கொடுப்பது இரக்கமாகாது.

கடைசியாக ஒரு நோட்டுப் புத்தகம். நம் தாய்மார்களின் கைவழியே எத்தனையோ அமானத்துகள் இருக்கும்: சீட்டுப் பணம், குழுக் கடன், இரவல் வாங்கிய சங்கிலி, அடுத்த வீட்டார் கொடுத்து வைத்த ரூபாய். அவற்றையும், களாவான நோன்புகளின் எண்ணிக்கையையும் எழுதிவையுங்கள். வஸிய்யத் செய்ய வேண்டியது உள்ளவர் அதை எழுதாமல் இரவுகளைக் கழிக்கலாகாது என்பது நபிமொழியின் கருத்து. இது அபசகுனமன்று, மனப்பாரத்தை இறக்கி வைப்பதாகும்.

இரத்தத்தின் சட்டம்

சிசேரியன் ஆபரேஷனுக்குப் பின் வருவது பிரசவ இரத்தம், அதாவது நிஃபாஸ். இரத்தம் உள்ளவரை தொழுகை இல்லை; மிகுதியான காலம் ஹனஃபீ மத்ஹபில் 40 நாள், ஷாஃபிஈ மத்ஹபில் 60 நாள். கர்ப்பப்பை எடுப்பது இதனின்றும் வேறு. குழந்தை இல்லை, பிரசவமும் இல்லை. கர்ப்பப்பை முழுவதும் எடுக்கப்பட்டபின் வரும் கசிவு காயத்தின் இரத்தம். அது சில வாரங்கள் வரை சிறிது சிறிதாக வரலாம். தொழுகையை அது தடுக்காது. ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்கள் ஓயாத இரத்தப்போக்கைப் பற்றி முறையிட்டபோது, அது நரம்பின் இரத்தமே தவிர ஹைளு அல்ல என்று விளக்கி, ஹைளின் நாட்களில் மட்டும் தொழுகையை விட்டு, பிறகு கழுவிக்கொண்டு தொழுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள்.

ஆபரேஷனுக்கு முந்திய மாதங்களையும் இங்கே கணக்கில் கொள்ள வேண்டும். கட்டியினால் மாதத்தில் இருபது நாள் இரத்தம் கண்ட பெண்கள் இருபது நாளும் தொழுகையை விட்டிருப்பார்கள். ஹைளின் மிகுதியான காலம் ஹனஃபீ மத்ஹபில் 10 நாள், ஷாஃபிஈ மத்ஹபில் 15 நாள். அதைக் கடந்தால் இஸ்திஹாளா சட்டம் வரும். வழக்கமான நாட்களைக் கொண்டு கணக்கிட்டு, எஞ்சியதைக் களாச் செய்ய வேண்டும். தம் மத்ஹபின் ஆலிமிடம், நேரில் கேட்க வெட்கமாயின் கணவர் மூலம், தாளில் எழுதிக் கேட்கலாம்.

கட்டியை மட்டும் எடுத்துக் கர்ப்பப்பையை விட்டுவைத்தால் ஹைளு தொடரலாம். கரு கலைந்தபின் சுத்தம் செய்வதற்கும் சட்டம் வேறு. ஆகவே என்ன ஆபரேஷன் நடந்தது என்று தெளிவாகச் சொல்லியே ஃபத்வா கேளுங்கள். எங்களைப் போன்றவர்களும் அதைக் கேட்டறிந்தே விடை கூற வேண்டும்.

ஒளுவும் தயம்மும்

வயிற்றுக் காயத்துக்கும் ஒளுவுக்கும் தொடர்பில்லை. முகம், கை, தலை, கால் ஆகியவை நலமாகவே இருக்கின்றன. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில், அதாவது ஏறத்தாழ ஒரு லிட்டருக்குள், ஒளு செய்திருக்கிறார்கள். குழாய்த் தண்ணீருக்கு நாளெண்ணிக் காத்திருந்து பழகிய நம் கரிசல் பெண்களுக்குச் சிக்கனத்தைக் கற்றுத்தர வேண்டியதில்லை. ஒரு செம்பும், கீழே பிடிக்க ஒரு பேசினும், ஊற்றிவிட ஒரு மகளும் இருந்தால் கட்டிலிலேயே ஒளு முடிந்துவிடும்.

டிரிப்ஸ் ஊசி குத்திப் பிளாஸ்திரி ஒட்டிய கையை நனைக்க வேண்டாம். ஹனஃபீ மத்ஹபில் பிளாஸ்திரியின் மேல் ஈரக்கையால் தடவினால் போதும். ஷாஃபிஈ மத்ஹபில் மற்ற இடத்தைக் கழுவி, பிளாஸ்திரியின் மேல் தடவி, தயம்மும் செய்ய வேண்டும்; கை தயம்மும் உறுப்பாதலால் அத்தொழுகையைப் பின்னர் மீட்டித் தொழவும் வேண்டும்.

தண்ணீர் தீங்கு தரும் என்று மருத்துவர் தடுத்தால், அல்லது குளிப்புக் கடமையாகிக் குளிக்க இயலாவிட்டால் தயம்மும் உண்டு. உதாரணமாக, ஹைளின் நாளிலேயே ஆபரேஷன் நடந்துவிட்டால் அத்துடன் ஹைளு முடிந்து குளிப்புக் கடமையாகிறது. காயம் நனையக் கூடாதாகையால் அவள் தயம்மும் செய்து தொழுவாள். (தண்ணீர் படக்கூடிய உறுப்புகளைக் கழுவுவது பற்றி மத்ஹபுகளில் விவரம் உண்டு.) நாம் மேலே சொன்ன தாயாருக்குத் தெரிவித்திருக்க வேண்டியது இதுதான்.

தயம்முமுக்கு ஷாஃபிஈ மத்ஹபில் புழுதியுள்ள மண் வேண்டும். நம் காட்டுக் கரிசல் மண்ணைச் சுத்தமான இடத்தில் எடுத்து, காயவைத்து, சலித்து, ஒரு சிறு துணிப் பையில் கொண்டு போகலாம். ஹனஃபீ மத்ஹபில் மண்ணினத்தைச் சேர்ந்த கல்லே போதும், தூசு வேண்டியதில்லை. ஆஸ்பத்திரிக்குக் கழுவித் துடைத்த கல் ஒன்றே உகந்தது. எதுவாயினும், மண் பட்ட கை கட்டின் அருகே போகலாகாது. புழுதி காயத்தில் பட்டால் சீழ் பிடிக்கும். படுக்கையை விட்டுத் தள்ளி வைத்துத் தட்டி, கையை உதறிவிட்டுச் செய்யுங்கள்.

சிறுநீர்க் குழாய் மாட்டியிருப்பவரும் ஓயாமல் கசிவு உள்ளவரும் உத்ரு உடையவராவர். நேரம் வந்தபின் பஞ்சோ நாப்கினோ மாற்றி, ஒளு செய்து தொழுவார்கள். ஹனஃபீ மத்ஹபில் ஒரு வக்துக்கு ஓர் ஒளு. ஷாஃபிஈ மத்ஹபில் ஒவ்வொரு பர்ளுக்கும் ஓர் ஒளு. ஷாஃபிஈ மத்ஹபில் சில தொழுகைகளைப் பின்னர் மீட்ட வேண்டி வரலாம். குறித்து வைத்துக் கேட்டுக் கொள்க.

படுக்கையில் தொழுகை

மூல நோயுற்ற இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) கேட்டபோது, நின்று தொழுமாறும், இயலாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிட்டால் விலாப்புறமாகப் படுத்தும் தொழுமாறும் நபி (ஸல்) அவர்கள் கூறியதாகப் புகாரியில் வந்துள்ளது. வயிற்றில் தையல் உள்ளவர் குனிந்து தரையில் நெற்றி வைக்க வேண்டாம். கட்டிலிலோ நாற்காலியிலோ உட்கார்ந்து, ருகூஉவுக்குச் சிறிதும் ஸுஜூதுக்கு அதைவிடச் சற்று அதிகமாகவும் தலையைத் தாழ்த்தினால் போதும். தலையணையைத் தூக்கி நெற்றியில் ஒட்ட வேண்டியதில்லை.

நம் பகுதியில் கிப்லா மேற்கும் சற்று வடக்கும். ஷாஃபிஈ மத்ஹபினர் வலப்பக்கம் படுத்து முகத்தையும் மார்பையும் கிப்லாவுக்குத் திருப்புவர்; இயலாவிட்டால் மல்லாந்து தலையை உயர்த்திக் கொள்வர். ஹனஃபீ மத்ஹபில் மல்லாந்து, தலையணையால் தலையை உயர்த்தி, காலைக் கிப்லாப் பக்கம் வைத்துத் தொழுவது சிறந்தது. கிப்லாப் பக்கம் கால் நீட்டுவதா என்று பாட்டிமார்கள் திடுக்கிடுவார்கள். இது அவமதிப்பன்று, முகம் கிப்லாவை நோக்கவே இந்த ஏற்பாடு. கட்டிலைத் திருப்ப வழியில்லையேல் இயன்ற திசையில் தொழுக. ஷாஃபிஈ மத்ஹபினர் பின்னர் மீட்டுக.

ஆபரேஷன் அறைக்கு அழைக்கும் முன் வக்து நுழைந்திருந்தால் உடனே தொழுதுவிடுங்கள். மயக்கத்தில் தவறிய தொழுகைகளைக் களாச் செய்துவிடுவதே பேணுதல். ஆனால் உடம்பு தேறத் தேற, சிறிது சிறிதாகச் செய்யுங்கள். ஒரே நாளில் அன்று.

கஸ்ரு உண்டா என்றும் கேட்கிறார்கள். கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலியும் தூத்துக்குடியும் சுமார் 60 கிலோமீட்டருக்குள் இருப்பதால் பயணச் சட்டம் இல்லை. முழுமையாகத் தொழ வேண்டும். மதுரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர். இரு மத்ஹபுகளின்படியும் பயண தூரமே. ஹனஃபீ மத்ஹபில் அங்கே 15 நாள் தங்கும் எண்ணம் இல்லாதவரை கஸ்ரு. ஷாஃபிஈ மத்ஹபில் போகும் நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக முழுமையாக நான்கு நாள் தங்க எண்ணினால் கஸ்ரு இல்லை.

வீடு திரும்பியபின்

வெளித்தோல் பத்து நாளில் ஒட்டிக் கொள்ளும். தையல் பிரித்ததும் குணமாகிவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். வயிற்றைத் திறந்து செய்த ஆபரேஷனில் உள்ளே தசையை மூடியிருக்கும் உறையும் வெட்டித் தைக்கப்பட்டிருக்கிறது. அது பலப்பட ஆறு முதல் எட்டு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். அதற்குள் பாரம் தூக்கினால் வயிற்றின் அழுத்தம் தையலைத் தள்ளும், குடலிறக்கம் வரலாம். கீழ் வழியாகவோ துளை வழியாகவோ செய்தவர்கள் சீக்கிரம் நடமாடுவர். ஆனால் உள் தையல் அவர்களுக்கும் உண்டு.

ஆறு வாரத்துக்கு ஐந்து கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம் என்பது போல மருத்துவர் சொல்லி அனுப்புவார். 15 லிட்டர் குடம் நிறைந்தால் 15 கிலோ. துவைத்த துணி வாளியும், விறகுக் கட்டும், ஓடி வந்து இடுப்பில் ஏறும் பேரக் குழந்தையும் அப்படித்தான். "தூக்காதே" என்று வாயால் சொல்லிவிட்டுக் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் ஆண்கள் கடைத்தெருவுக்குப் போய்விட்டால் அவள் தூக்கத்தான் செய்வாள். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, வீட்டாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் கூறினார்கள். ஆகவே கணவரும் மகனும் குடம் தூக்குவது கௌரவக் குறைச்சலன்று, ஸுன்னத்தின் சாயல். ஆறு வாரத்துக்கு யார் தண்ணீர் எடுப்பது, யார் சமைப்பது, யார் துவைப்பது என்று ஆபரேஷனுக்கு முந்திய வாரமே பேசி முடித்துவிடுங்கள்.

பாரம் கூடாதென்றால் படுத்தே கிடக்க வேண்டும் என்பதன்று. மருத்துவர் சொன்ன நாளிலிருந்து, பெரும்பாலும் மறுநாளே, பிடித்துக் கொண்டு நடக்க வேண்டும். இல்லையேல் காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்கு ஏறும் ஆபத்துண்டு. இருமும்போது வயிற்றில் தலையணையை அழுத்திக் கொள்ளுங்கள். பத்தியம் என்று தண்ணீரையும் பழத்தையும் கீரையையும் நிறுத்தினால் மலச்சிக்கல் வந்து முக்க நேரிடும். அது தையலுக்குப் பகை. நலம் விசாரிக்க வருவோர் ஐந்து நிமிடம் இருந்து துஆச் செய்துவிட்டு எழுவதே ஸுன்னத்தான விசாரிப்புக்கு அழகு. சர்க்கரை நோயாளிக்குக் கடலை மிட்டாய்ப் பொட்டலம் வேண்டாம்.

பின்வருவன கண்டால் காலை வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்: 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் நனையும் அளவு இரத்தம், துர்நாற்றமுள்ள கசிவு, தையலில் சிவப்பு, சீழ், பிரிவு, சிறுநீர் கழிக்க இயலாமை, ஒரு கெண்டைக்காலில் வலியும் வீக்கமும், மூச்சுத் திணறல், நெஞ்சுவலி. 108-ஐ அழைக்கத் தயங்க வேண்டாம். ஓதிப் பார்ப்பதும் துஆச் செய்வதும் நல்லவை. வண்டியில் போகும்போதே செய்யலாம்.

ரமளான் குறுக்கிட்டால் நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்யலாம். குணமடையும் நம்பிக்கை உள்ளவருக்கு ஃபித்யா கொடுப்பது நோன்புக்கு ஈடாகாது.

கணவர்களுக்கு ஒரு சொல்

மருத்துவர் பரிசோதித்து அனுமதிக்கும் வரை, பெரும்பாலும் ஆறு வாரமும் அதற்கு மேலும், இல்லறத்தைத் தவிர்த்துக் கொள்க. அவளைத் தொல்லைப்படுத்துவது உரிமையன்று, அநீதம். சினைப்பைகளும் எடுக்கப்பட்டிருந்தால் திடீரென உடல் கொதிப்பதும், தூக்கம் கெடுவதும், காரணமின்றி அழுகை வருவதும் உண்டு. அது பிடிவாதமன்று, உடம்பின் மாற்றம். மருத்துவரிடம் சொன்னால் வழியிருக்கிறது. கர்ப்பப்பை போனதால் பெண்மை போய்விட்டதாக விளையாட்டுக்கும் சொல்லாதீர்கள். தையல் ஆறினாலும் அந்தச் சொல் ஆறாது. அவள் மனைவி என்பதிலோ, நஃபகா பெறுவதிலோ, வாரிசுரிமையிலோ எந்தக் குறைவும் இல்லை. கணவர் இறந்தால் நான்கு மாதம் பத்து நாள் இத்தாவும் அவளுக்கு உண்டு. கர்ப்பப்பை இல்லாததால் இத்தா இல்லை என்பது தவறு.

ஜமாஅத்தாருக்கும் ஒன்று கூறுகிறோம். அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களை, மஸ்ஜிதுன் நபவியில் அமைந்திருந்த ருஃபைதா (ரலி) என்ற பெண்மணியின் கூடாரத்தில் வைத்துச் சிகிச்சை செய்ததாக ஸீரா நூல்கள் கூறுகின்றன. நோயாளியைக் கவனிப்பது பள்ளிவாசலுக்கு அந்நியமான வேலையன்று. ஆள் துணையில்லாத ஒரு பெண்ணுக்கு ஆறு வாரம் தண்ணீர் எடுத்துக் கொடுக்க மஹல்லாவில் முறை வைத்தால், அதுவும் ஓர் இபாதத்தே.

நம்மிடம் கேட்ட அந்த இளைஞரைச் சில மாதங்களுக்குப் பின் தெருக் குழாயடியில் கண்டோம். இரண்டு குடங்களோடு வரிசையில் நின்றிருந்தார். "அம்மா எப்படி இருக்காங்க, தம்பி?" என்றோம். "நல்லா இருக்காங்க, ஹஜ்ரத். நாற்காலியில் உட்கார்ந்து தொழுறாங்க. தண்ணி நான்தான் எடுக்கிறேன்" என்றார். நாம் பாதியில் விட்ட பாடத்தை அவர் முழுமையாக்கிக் கொண்டிருந்தார்.

நோயுற்ற நம் தாய்மார்கள், சகோதரிகள் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக! அவர்களின் சுமையை இறக்கி வைக்கும் தௌஃபீக்கை நமக்கு அருள்வானாக! ஆமீன்.